வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

மாப்பிள்ளையூரணி போகிற வழியில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. அதன் பின்பக்க அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை உட்கார்ந்திருப்பேன். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் சம்பளம் கொடுத்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, சொம்பு நிறையத் தண்ணீர், இரண்டு தம்ளர், கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு டிஷ்யூ பெட்டி. அறையில் வேறொன்றும் கிடையாது.

நான் சொல்லப்போகிற வருடத்தில் எனக்கு உள்ளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. எதிரே ஒருத்தி தேம்பித் தேம்பி அழுவாள். டிஷ்யூ பெட்டியை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளுவேன். அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருக்கிறேன், அப்படியே வைத்துக்கொள்வேன். மனசுக்குள் போகிற வழியில் தேங்காய் வாங்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கே ஒரு ஆள் வேண்டியிருக்கிறதா என்று சிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். சொல்வதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்பது இன்னொன்று.

அந்த வருடம் ஆடி மாதத்தில்தான் ஒரு அக்கா வர ஆரம்பித்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இருபது வருடத்துக்கு மேல் தலையில் உப்புச் சுமந்தவள். தூக்கமில்லை, தலை சுற்றுகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றாள். மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"பேரப்புள்ளயக் கையில குடுத்தாவ மேடம். உப்புப் பெட்டிய வாங்குத மாதிரி வாங்குனேன். எறக்கி வச்சாப் போதும்னு இருந்துச்சு."

அவள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. நானும் அந்த வருடம் எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்கி இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நோட்டில்தான் எழுதிக்கொண்டேன்.

தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தாள். எல்லா வாரமும் அப்படித்தான். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். மூக்கால் இழு, நாலு எண்ணு, வாயால் விடு. தலைசுற்றலுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். மூன்று வாரம் இது நடந்தது. நாலாவது வாரம் மூச்சை இழுக்கச் சொன்னபோது அவள் இழுக்கவில்லை.

"தண்ணி குடிக்கச் சொல்லுதிய. குடிச்சா எங்க போவச் சொல்லுதிய?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மரம் கிடையாது, சுவர் கிடையாது. ஒரு பக்கம் லோடு ஏற்றுகிற ஆண்கள், ஒரு பக்கம் டிராக்டர். காலை ஐந்து மணிக்கு இறங்கினால் மத்தியானம் இரண்டு மணிவரை ஒதுங்க ஒரு மறைவு இல்லை. அதனால் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவாளாம். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது வாயைக் கொப்பளித்துத் துப்புவாளாம், விழுங்கமாட்டாளாம். வீட்டுக்கு வந்து ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரியும்.

"வயித்துல தண்ணி கெடந்தாலே பயமா இருக்கு மேடம். ராத்திரியும் அதே நெனப்புத்தான். பெறவு எங்க ஒறங்க?"

அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. அன்றைக்கு அதுவும் வரவில்லை. ஆனால் புத்தி வேலை செய்தது. இரண்டு வருடம் படித்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பா அடித்தாரா, கனவு வருகிறதா என்றெல்லாம் கேட்கக் கற்றிருக்கிறேன். மூத்திரம் பெய்ய எங்கே போகிறாய் என்று கேட்க யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நாலு சுவர் இல்லாததால் வந்த நோய்க்கு நான் மூச்சு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். மருந்து அவளுக்கு வேண்டாம், அளத்துக்குத்தான் வேண்டும் என்றது மூளை.

அந்த வாரமே நிறுவனத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினேன். பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. எந்த அளம் என்பதையும், 'செவ்வாய்க்கிழமை வருகிற ஒரு பெண்' என்பதையும் மட்டும் எழுதினேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள் என்று எனக்கே என்மேல் ஒரு மெச்சுதல். நிறுவனத்தில் ஒருவர் அதை நல்ல மனசோடு எடுத்துக்கொண்டு அளத்து முதலாளியின் அலுவலகத்துக்குப் போனார். பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிக்கொடுங்கள் என்று கேட்டார். அவர்கள் குடிக்கக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அவர் கொடுத்துவிட்டு வந்த என் ரிப்போர்ட் அளத்துக் கணக்கப்பிள்ளையின் கைக்குப் போனது.

ஆட்களை வேலைக்கு வைப்பதும் நிறுத்துவதும் கணக்கப்பிள்ளைதான். அதட்டிப் பேசாத மனிதர். கோவில் கொடை விழாவுக்குப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டி கட்டியிருப்பார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெண்கள் பாத்திக்குள் இறங்குமுன் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு, பழைய காலுறையை மாட்டிக்கொள்வார்கள். அவர் காலையில் வந்ததும் ஆளை எண்ணமாட்டார். வரப்பில் கிடக்கிற செருப்பை எண்ணுவார். எந்தச் செருப்பு யாருடையது என்று அவருக்கு மனப்பாடம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூடத்துக்கு எதிரே டீக்கடையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்திருக்கிறார். என் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்பதில் நான் கறார். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நீல வார், அறுந்த இடத்தில் தூண்டில் நரம்பால் தைத்தது.

மறுநாள் அவளிடம், "நாளையிலேருந்து வராண்டாம்மா" என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்ல அவள் அடுத்த செவ்வாய் வந்தாள். உட்காரவில்லை.

"உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"நான் பேரே எழுதலையே அக்கா."

"பேரு எதுக்கு மேடம்? செருப்பு வெளியதான கெடந்துச்சு."

அவள் திட்டியிருக்கலாம். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேரம் கேட்டுப் போகிறவள் மாதிரி போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் சாளை மீன் குழம்பு. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன் என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகு அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் நானே அவள் வீட்டைத் தேடிப் போனேன். வருகிறவர்களின் வீட்டுக்குப் போகக்கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. விதிப்படி நடந்து நான் செய்த லட்சணம் தெரிந்துவிட்டது, போனால் என்ன என்று போனேன். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். சாம்பலை அள்ளிச் சட்டியில் போட்டுத் தேய்த்தபடியே கேட்டாள்.

"அந்த ரூம்புக் கதவ எதுக்கு மூடுதிய?"

"நீங்க சொல்றது யார் காதுலயும் விழக்கூடாதுன்னுதான்."

"எங்க எல்லாருக்கும் ஒரே சங்கதிதான மேடம். யாரு காதுல விழக்கூடாதுன்னு மூடுதிய? ஒத்தையா வாரதுனாலதான் ஆளு தெரிஞ்சிச்சு."

அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மழை வந்தால் அளத்தில் வேலை கிடையாது. பொங்கல் கழிந்துதான் பாத்தி கட்டக் கூப்பிடுவார்கள். அப்போது அவளைக் கூப்பிடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு மாதம் என் அறைக்கு ஓரிருவர்தான் வந்தார்கள். நான் சொம்பில் தண்ணீரை மாற்றி வைப்பேன், ஆறு மணிக்குக் கொட்டுவேன்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு மணி இருக்கும். வெளியே ஒரே சலசலப்பு. எட்டிப் பார்த்தால் அவள் நிற்கிறாள், கூடப் பத்துப் பேர். எல்லாரும் அதே அளத்துப் பெண்கள். இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள்.

"என்னாச்சு காலுக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம். வராதவளுவ செருப்பையும் சேத்து ஆளாளுக்கு மாத்திப் போட்டுட்டு வந்திருக்கோம். இவளுக்கு அளவு சேரல" என்று ஒருத்தி சிரித்தாள்.

"ஏளா, ஒன் காலு என்ன காலா, துடுப்பால்லா இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

அறையில் பதினோரு பேருக்கு இடமில்லை. கூடத்தின் தரையிலேயே வட்டமாக உட்கார்ந்தோம். கதவைத் திறந்தே வைத்தேன். பிறகு ஒருத்தி தனக்கும் எரிச்சல் இருக்கிறது என்றாள். இன்னொருத்திக்குக் காய்ச்சல் வந்து சிறுநீரகத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள், விரதம் இருந்ததால் வந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். பதினோரு பேரும் தனித்தனியாக ஒரே சங்கதியைப் பல வருடமாக மறைத்துவந்திருக்கிறார்கள். நான் மூச்சுப் பயிற்சி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கேட்டேன். கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தையில் கூப்பிட்டால் பதினோரு பேரையும் கூப்பிட வேண்டும், ஒதுங்க நாலு பக்கம் மறைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தியும் இறங்குவதில்லை.

அப்போதுதான் பைக் சத்தம் கேட்டது. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை செருப்புக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். நீல வார் செருப்பு நடுவில் கிடந்தது. அதைப் போட்டு வந்தவள் வேறொருத்தி.

"உள்ள யாரெல்லாம் இருக்காவ மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. காது மடல் சுட்டது. அந்த வருடம் முழுக்க எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

"செருப்பைப் பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளே சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

தை பாதியில் கூப்பிட்டார்கள். அந்த வட்டாரத்தில் கைதேர்ந்த பதினோரு பேரை ஒரே நாளில் வேறெங்கே பிடிப்பார்கள்? அவளையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். வரப்பின் கடைசியில் நாலு தகரத்தை நட்டுக் குழி வெட்டிக்கொடுத்தார்கள். குழாய் கிடையாது, தகரம் வெயிலில் கொதிக்கிறது. அதற்கு இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

தகரம் நட்டதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் அவள் மட்டும் வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், முழங்கையில் உப்பு பூத்திருந்தது. நாளைக்கும் அளம் உண்டா என்று கேட்டேன், உண்டு என்றாள். நான் நீட்டுவதற்கு முன் அவளே சொம்பைச் சாய்த்துத் தம்ளரை நிரப்பினாள். அண்ணாந்து, நிறுத்தாமல், முழுத் தம்ளரையும் குடித்தாள். இன்னொரு தம்ளர் ஊற்றி அதையும் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணில் நீர் வந்து தாடைவரை இறங்கியது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு டிஷ்யூ பெட்டியை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினாள்.