தொடாமல் பாடும் பெட்டி

கண்டி ஆஸ்பத்திரியில் தொண்டைக் கட்டியை எடுத்த பிறகு என் பாட்டு போய்விட்டது. மாத்தளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் சங்கீத டீச்சர். நவராத்திரிக்கு முத்துமாரியம்மன் கோயிலில் பாடியவள். இப்போது வாயைத் திறந்தால் காய்ந்த ஓலை உரசுகிற சத்தம்தான் வந்தது. வெட்கத்தில் பேசுவதையே விட்டேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வீட்டில் தலையாட்டினேன்.

என் கணவர் கடைத்தெருவில் ரேடியோ திருத்துபவர். கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்த மழைக்காலத்தில் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றிலிருந்த ஒரு வாத்தியத்தின் படத்தைப் பார்த்து, பக்கத்து ஊரான பலாபத்வலைக்காரர் ஒருவர் வேண்டாமென்று விட்டுப்போன ரேடியோவின் வால்வுகளைக் கழற்றி, ஒரு மரப்பெட்டி செய்தார். வலப்பக்கம் நிமிர்ந்த கம்பி, இடப்பக்கம் வளையக் கம்பி.

"தொடாத. கையைக் கிட்ட கொண்டு போ, போதும்," என்றார்.

கொண்டுபோனேன். பெட்டி ஊளையிட்டது. பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் நானா ஓடிவந்து, "என்ன தங்கச்சி, யாரு அழுவுறது?" என்று பதறினார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

நிமிர்ந்த கம்பியை நெருங்கினால் சுரம் ஏறும். வளையத்தை நெருங்கினால் சத்தம் அடங்கும். வீணைக்கு மெட்டு உண்டு, ஆர்மோனியத்துக்குக் கட்டை உண்டு. இதில் வெறும் காற்று. 'ச' எங்கே இருக்கிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. மழை பெய்தால் இன்னும் தள்ளிப் போகும். மூச்சை இழுத்தாலே சுரம் நழுவும். கணவர் தேத்தண்ணியோடு உள்ளே வந்தால் 'ரி' தானாக 'க' ஆகிவிடும். அதனால் அவர் மூலையில் நாற்காலி போட்டு, நுளம்பு கடித்தாலும் சொறியாமல் உட்கார்ந்திருப்பார்.

"இப்பவாவது அசையலாமா?"

கூடாது என்று கண்ணால் சொல்வேன்.

விசித்திரம் என்னவென்றால், சுரத்தை அசைக்கிற கமகம் சுலபமாக வந்தது. அசையாத ஒற்றைச் சுரம்தான் மாதக்கணக்கில் பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வால்வுகள் சூடாகிச் சிவக்கும்வரை காத்திருந்து, மங்கலான வெளிச்சத்தில் கையை நீட்டி நிற்பேன். தண்ணீருக்கடியில் நிற்பது போலிருக்கும். ஜன்னலில் மலைப்பனி இறங்கும். ஒரு மாலை 'ச' நின்றது. கை இருப்பதே மறந்துபோயிற்று. மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் சொற்களில்லாமல் பாடுவது போல் அது நீண்டுகொண்டே போனது. என் குரல் அல்ல. ஆனாலும் எனக்குத் தெரிந்த குரல். திரும்பிப் பார்த்தேன். மூலையில் அவர் கண்களை மூடியிருந்தார்.

அந்த வருஷப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பெட்டியை வாசிக்கச் சொன்னார்கள். காலையில் வெறும் மண்டபத்தில் சரிபார்த்தது மாலையில் கூட்டம் நிறைந்ததும் குலைந்தது. முன்வரிசையில் மேடையோரமாக விசிறிகள் ஆடின. சுரமும் கூடவே ஆடியது. யாரோ சிரித்தார்கள். என் கை நின்றது. பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து கணவர் எனக்காகப் பேச எழுந்ததைக் கண்டேன். அதற்குள் மேடை விளிம்புக்கு வந்துவிட்டேன்.

"தயவுசெய்து கொஞ்சம் அசையாம இருங்க."

ஓலைச் சத்தம்தான். ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. விசிறிகள் மடிந்தன. சின்னப் பிள்ளைகள்கூடப் புகைப்படத்துக்கு உட்காருவது போல் உட்கார்ந்தார்கள். வாசித்தேன். இரண்டு இடங்களில் சறுக்கியது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை.

மறுநாள் வகுப்பில் சுண்ணக்கட்டியை எடுத்தேன். ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நேத்து பேசுனீங்களே. இன்னைக்கும் பேசுங்க," என்றாள்.

பேசினேன்.

எழுபதுகளில் பெட்டியின் வால்வு ஒன்று செத்து, பாட்டு நின்றது. இறக்குமதி நின்றிருந்த காலம். கணவர் கண்டியெல்லாம் தேடி வெறுங்கையோடு வந்தார். எனக்கு வருத்தம்தான். ஆனால் அப்போது நான் கரகரத்த குரலில் சரளி வரிசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதை அவர்கள் குரலில் திருப்பிப் பாடினார்கள்.