நாயைக் கொடுத்தவன்

ரவ்ஹா என்றால் பின்னிஷ் மொழியில் அமைதி. பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பின்லாந்தின் சிற்றூர் ஒன்றில் டாக்ஸி ஓட்டும் இந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரி வாயைத் திறந்தால், ஊர் வேட்டைக் குழு ஆண்கள் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் தம்பி கடைசி வருடம் முழுக்க இவர்கள் நடுவில்தான் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவன் மனசைக் கிளறுவது மரியாதை இல்லையாம். அவன் தற்கொலை செய்துகொண்ட பிறகு சவப்பெட்டியை மட்டும் ஒழுங்காகத் தூக்கினார்கள்.

மூஸ் மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருந்தது. குழுத் தலைவன் பெந்த்தியின் வாசலில், குழுவில் ஒருவனான உர்ப்போவின் வேட்டை நாய் கட்டப்பட்டிருந்ததை ரவ்ஹா பார்த்தாள்.

"இது எப்படி இங்க?"

"உர்ப்போ குடுத்துட்டான். சும்மாவே. நமக்கு அதிர்ஷ்டம்தான்," என்றான் பெந்த்தி.

மனைவி பிரிந்துபோன பிறகு உர்ப்போவுக்கு எல்லாமே அந்த நாய்தான்.

"வேட்டைக்கு முன்னால எவனாவது நாயைக் குடுப்பானா? உன் மண்டையில என்ன, களிமண்ணா?"

"அது அவன் சொந்த விஷயம், ரவ்ஹா. நாம தலையிடக் கூடாது."

"என் தம்பி விஷயத்துலயும் இதத்தான் சொன்னீங்க. கார்ல ஏறு."

நாயையும் பெந்த்தியையும் ஏற்றிக்கொண்டு போனாள். சனிக்கிழமை மதியம், உர்ப்போ சவுனாவில், வீட்டு நீராவிக் குளியலறையில், இருந்தான். சவுனாவுக்குள் குரலை உயர்த்தக் கூடாதென்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரவ்ஹா கதவைப் படாரென்று திறந்தாள்.

"உர்ப்போ, சாகணும்னு நெனக்கிறியா?"

பின்னால் பெந்த்தி பதறினான். "இப்படியா கேப்பாங்க? இல்லாத நெனப்ப நீயே கெளப்பி விட்டுராத."

உர்ப்போ தண்ணீர் வாளியையே பார்த்தான். "ஆமா," என்றான். பிறகு அழுதான். "யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு."

ரவ்ஹாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பெந்த்தியை அறையவும் தோன்றியது.

"துண்டைக் கட்டிட்டு வெளிய வா. நான் எங்கயும் போகல." பெந்த்தி பக்கம் திரும்பினாள். "இவன் துப்பாக்கியெல்லாம் கொண்டுபோய் உன் துப்பாக்கிப் பெட்டில வச்சுப் பூட்டு. அப்பறம் திரும்பி வா. ஓடிராத."

அவனை அவர்கள் தனியே விடவில்லை. சுகாதார நிலையத்துக்கு அவளே கூட்டிப்போனாள். வாராவாரம் அங்கே மனநல ஆலோசகரிடம் போய்ப் பேச ஏற்பாடானது. வேட்டைக்கு உர்ப்போ துப்பாக்கி இல்லாமல், தன் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அவள் கோபம் ஆறியதா என்றால், இல்லை. ஏரி உறைந்த பிறகு ஒரு நாள், உர்ப்போ வீட்டருகே பெந்த்தி டாக்ஸி ஜன்னலைத் தட்டினான்.

"உர்ப்போ இப்ப எப்படி இருக்கான்?"

ரவ்ஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயும் அவன் ரோட்டுலதான இருக்க. என்கிட்ட எதுக்குக் கேக்குற? அவன்கிட்ட போய்க் கேளு."

"என்னன்னு கேக்குறது?"

"நான் கேட்டதையே."

பெந்த்தி பனியில் தயங்கித் தயங்கி நடந்துபோய்க் கதவைத் தட்டினான். உர்ப்போ திறந்து அவனை உள்ளே விடும்வரை ரவ்ஹா வண்டியை எடுக்கவில்லை. இவ்வளவுதானே, பாவிகளா, இவ்வளவுதானே என்று ஸ்டியரிங்கைக் குத்தினாள். அவள் தம்பி வீடும் அதே சாலையில்தான் இருந்தது.