பின்னாலிருந்து தள்ளும் வண்டி

கொழும்பில் மழை பெய்தால் செருப்பு கழுவப்படும். கோவில்பட்டியில் மழை பெய்தால் செருப்பு வளர்கிறது. கரிசல் மண் அடியில் ஒட்டி, ஒட்டியதன் மேல் மறுபடி ஒட்டி, நாற்பது அடி நடப்பதற்குள் நான் ஒரு அங்குலம் உயர்ந்துவிடுகிறேன். எண்ணித்தான் சொல்கிறேன். அறுபத்தேழு வயதில் உயரம் கூடுவதை நான் விரும்பவில்லை.

இங்கே வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. என் மனைவி திரேசாவுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அங்கே எங்களைப் பார்க்க ஆளில்லை. ஒரே மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் இது. எட்டயபுரத்தைத் தாண்டி, பாதிரிமார் நடத்தும் மருத்துவமனையில் புதன்கிழமைதோறும் திரேசாவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பதினேழு மைல். பேருந்துப் படி மூன்று, அவளால் ஏற முடிந்தது ஒன்று. ஆகவே ஊருக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, அந்த நேரத்தில் கிடைத்த ஒரே காரை வாங்கினேன். தாழ்ந்த, நீள மூக்குள்ள பந்தயக் கார். இருக்கைகள் இரண்டே இரண்டு.

"இந்த வயசுல ஏன் மாமா? டிரைவரப் போட்டுருவோம்" என்றார் மருமகன்.

"போட்டால் நான் எங்க இருக்கிறது?"

அவர் காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "நீங்க வீட்ல இருங்க."

அதுதான் எனக்கு முடியாது. நாற்பத்தோரு வருடத்தில் வைத்தியரிடம் அவளை நான் தனியாக அனுப்பியதில்லை. ஆனால் வண்டி எனக்கு அடங்கவில்லை. கொழும்பில் நான்கு வருடம் நான் ஓட்டியது, முன்சக்கரம் இழுக்கும் சின்னஞ்சிறு கார். கண்டி வீதியில் மழை நாளில் வளைவில் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துவேன். முன்சக்கரம் வண்டியைத் தானே வழிக்கு இழுத்துக்கொள்ளும். இந்தக் காரில் பின்சக்கரம் தள்ளுகிறது. வழுக்கும்போது அழுத்தினால் வால் சுழன்று முன்னால் வந்துவிடும். ஊருக்கு வெளியே பொட்டலில் பழகினேன். ஏழு முறை சுழன்றேன். ஏழாவதை மருமகன் பார்த்துவிட்டார். "ரோட்டுல ஒரு தடவ இப்படி ஆச்சுன்னா வித்துருவோம் மாமா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தேன்.

அடுத்த புதன் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. எட்டயபுரம் வரை தார் ரோடு, குறையொன்றுமில்லை. அப்பால் எட்டு மைல் கரிசல் பாதை. இரண்டாவது வளைவில் வண்டி வழுக்கியது. மூளை "அழுத்தாதே" என்றது. கால் கண்டி வீதியில் இருந்தது, அழுத்திவிட்டது. வானம், பருத்திக்காடு, வானம். வந்த திசையைப் பார்த்து நின்றோம், பின்சக்கரம் சேற்றுப் பள்ளத்தில்.

திரேசா சேலையைச் சரிசெய்துகொண்டு, "வீட்டைதான் திரும்பிப் போறமோ?" என்றாள்.

பின்னால் பருத்திக்கொட்டை மூட்டைகளோடு ஒரு மாட்டுவண்டி வந்தது. ஓட்டி வந்த கந்தசாமி என்ற விவசாயி, இந்த ஊர்ப் பேச்சில் சம்சாரி, இறங்கி, கூட வந்த இருவரை அதட்டினார்.

"ஏலே, மூக்குல ஏறுங்க! முன்பாரம் இல்லாம எந்த வண்டி நகரும்?"

இருவரும் கார் மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். நான் வண்டியைக் கிளப்பினேன். லேசாகிப்போன பின்சக்கரம் வெறுமனே சுற்றி, கந்தசாமியின் வேட்டி முழுக்கச் சேற்றை வாரி இறைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒரே தவறு. இழுப்பது எப்போதும் முன்னால்தான் இருக்கும் என்று நாங்கள் நால்வரும் நம்பியிருந்தோம்.

"இறங்குங்கோ! பின்னுக்கு ஏறுங்கோ!"

"பின்பாரம் ஏத்துனா மூக்கு தூக்கிருமே அண்ணாச்சி. காளை அந்தரத்துல தொங்குமே!"

"இந்த வண்டிக்குக் காளை பின்னுக்குத்தான் கட்டியிருக்கு."

 கந்தசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டியளா? சிலோன்ல மாட்டை வண்டிக்குப் பின்னால கட்டுதாகளாம்லே!"

சிரித்துக்கொண்டே சக்கரத்தடியில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைத் திணித்தார்கள், பின்னால் தொற்றி ஏறினார்கள். வண்டி ஒரு உறுமலோடு மேலே வந்தது.

"மருமகன் விற்கச் சொல்லப்போறார்" என்றேன் திரேசாவிடம்.

"யாரு சொல்லப்போறது? நான் சொல்ல மாட்டன். ஓட்டுங்கோ."

கந்தசாமி பின்பாரத்துக்காக இரண்டு மூட்டைகளைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக் கட்டினார். "திரும்பி வரும்போது இறக்கிட்டுப் போங்க. நான் காட்லதான் கெடப்பேன்."

மருத்துவமனைக்கு இன்னும் பதினொரு வளைவுகள். ஒவ்வொன்றிலும் காலைத் தளர்த்தினேன். வால் எந்தப் பக்கம் நழுவியதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், நான்கு வருடப் பழக்கம் வேண்டாம் என்று கத்தினாலும். நான்காவது வளைவில் வால் அசைந்தது, அடங்கியது. ஏழாவதில் அசையவேயில்லை. பதினொன்றாவதை எண்ண மறந்துவிட்டேன்.

மருத்துவமனை வாசலில் காவலாளி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"டிரைவர் பேரு?"

என் பெயரைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

"ஊரு?"

"கோவில்பட்டி" என்றேன். அதே மூச்சில் திரேசா "கொழும்பு" என்றாள்.

அவர் பேனாவை நிறுத்தினார். "ஒத்த வண்டில வந்திருக்கீய, ரெண்டு ஊரா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒருவரும் திருத்திச் சொல்லவில்லை.  காவலாளி ஒரே கட்டத்துக்குள் இரண்டு ஊர்களையும் நெருக்கி எழுதிவிட்டு, கதவைத் திறந்துவிட்டார்.