பச்சை ஜீப்பைப் பற்றி நான் சொன்ன பாதி

1. ஏற மறுத்த காலை

காலை ஆறு மணிக்கு மூன்று ஜீப்புகள் புறப்பட வேண்டும். அன்று ஆறே காலாகியும் ஒன்றுகூடப் புறப்படவில்லை. போடி பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் நாற்பத்தைந்து பெண்கள் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். வெள்ளை ஜீப்பிலும் நீல ஜீப்பிலும் ஏற முண்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை ஜீப்பில் டிரைவர் தவசி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார்.

சிலமலை ஊரிலிருந்து வரும் ஆட்களுக்குத் தலைவி போல இருந்தவர் பேச்சியம்மாள். அவர் ஏறினால் மற்றவர்கள் ஏறுவார்கள். ஏன் ஏறவில்லை என்று தவசி கேட்டதற்கு அவர் சொன்னார்: "மாப்ளே, ஒன்னையக் கொறை சொல்லல. வண்டியத்தேன் சொல்றேன். அது ஆளைக் கொல்லும்னு ரைட்டரய்யா வாக்குச் சொல்லிட்டாரு. நான் புள்ளகுட்டிக்காரி."

ரைட்டரய்யா என்பது நான். ஏலத்தோட்ட அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு அந்த வேலை பார்த்தேன். தோட்டத்துக்குப் போகும் ஆட்களைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவது, ஜீப்புகளை மலைக்கு அனுப்புவது, முதலாளி சொல்லும் கடிதங்களை எழுதுவது ஆகியவை என் பொறுப்பு. அன்று சந்தின் முனையில் செக்ரோலுடன் நின்றிருந்தேன். பேச்சியம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. வெள்ளையில் இருபத்திரண்டு பேர், நீலத்தில் இருபத்துமூன்று பேர் என்று எழுதிக்கொண்டேன்.

வண்டிகள் போன பிறகு தவசி என்னிடம் வந்து, "ஏறுறதுக்கு ஆளில்லாத வண்டிக்கு டிரைவர் எதுக்குன்னு மொதலாளி கேப்பாருல்ல, அய்யா?" என்றார். கேட்பார் என்றே நானும் நினைத்தேன். இந்தக் குறிப்பு தவசியின் அந்த வேலையைப் பற்றியது.

2. நான் எழுதிக் கொடுத்தது

அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு, காய் எடுப்பு மும்முரமாக இருந்த நாளில், பச்சை ஜீப்பு பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறியது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்ததால் தவசி வண்டியை நிறுத்தினார். மறுபடி எடுக்கும்போது பாரம் தாங்காமல் வண்டி பின்னால் உருண்டது. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. பின்பக்கம் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது. சுவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் இந்தக் குறிப்பை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

பட்டறையில் வண்டியைப் பார்த்தார்கள். பிரேக்கில் பழுதில்லை என்றார்கள். கோப்பில் வைக்க ஒரு குறிப்பு வேண்டும் என்று முதலாளி கேட்டார். நான் எழுதினேன்: "டிரைவரோடு பத்துப் பேருக்கான வண்டி இது. பதினெட்டுப் பேரை ஏற்றினால் இந்த வண்டி ஆளைக் கொல்லும்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முதலாளி அதைப் படித்தார். அன்று மாலை எங்கள் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது: "நம்ம ரைட்டரே எழுதிக் குடுத்துட்டாரு, இந்த வண்டி ஆளைக் கொல்லும்னு. எல்லாரும் சூதானமா இருந்துக்கங்க."

அதில் அவராகச் சேர்த்த சொல் எதுவும் இல்லை. கொல்லும் என்று நான்தான் எழுதினேன். எப்போது கொல்லும் என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் கோயிலில் மாலை வேளையில் பதிகம் பாடுகிறேன். யாராவது ஓர் அடியை விழுங்கிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். ஒருமுறை திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்தவரை நிறுத்தச் சொல்லி, விடுபட்ட அடியைச் சேர்த்துத் தொடக்கத்திலிருந்து பாட வைத்தேன். பாதியில் வெட்டிய அடி பொருளைத் தலைகீழாக்கும் என்று அவருக்கு விளக்கமும் சொன்னேன். அப்படிப்பட்ட நான் என் வாக்கியத்தின் முன்பாதி விடுபட்டதைக் கேட்டு, போனை அணைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அன்றும் அதன் பிறகும் நான் பேசாததற்கு இரண்டு காரணங்கள். முழு வாக்கியத்தைச் சொன்னால், பதினெட்டுப் பேரை ஏற்றச் சொன்னவர் யார் என்ற கேள்வி வரும். இது முதல் காரணம். இரண்டாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் குரல் பரவியதும், என் வாக்குப் பலிக்கும் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். போர்வெல் போடும் இடத்தைக் காட்டச் சொல்லி ஒருவர் அழைத்தார். நான் போய்க் காட்டினேன்.

3. பரிகாரங்கள்

பச்சை ஜீப்பு கெட்ட வண்டி என்று முடிவான பிறகு அதற்கான சான்றுகள் தாமே வந்து சேர்ந்தன. நம்பர் பிளேட்டில் உள்ள எண்களைக் கூட்டினால் எட்டு வந்தது. மலையடிவாரத்து முந்தலில் ஒரு கோழி அதன் சக்கரத்தில் அகப்பட்டது. டயர் பஞ்சர் ஆனது. மற்ற இரண்டு ஜீப்புகளும் கோழி அடித்ததுண்டு, பஞ்சரும் ஆனதுண்டு. அவற்றை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

முன்சக்கரங்களின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்கினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்த துண்டில் வழுக்கி நீல ஜீப்பின் டிரைவர் விழுந்தார். அதுவும் பச்சையின் கணக்கில் ஏறியது. தோட்டத்துப் பக்கமிருந்து மந்திரம் செய்பவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் கட்டணத்துக்குப் பதிலாக ஏலக்காய் கேட்டார். முதலாளி இரண்டாம் தரம் கொடுத்தார். பரிகாரம் பலிக்காததற்கு அதுவே காரணம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

என்னையும் கேட்டார்கள். ஒரு பதிகம் பாடினால் வண்டியைப் பிடித்தது விலகுமா என்று முதலாளியே கேட்டார். பாடினேன். வண்டியின் முன்னால் கற்பூரம் ஏற்றி, ஓர் அடிகூட விடாமல் பதினோரு பாட்டும் பாடினேன். அன்றும் பெண்கள் ஏறவில்லை. அய்யாவே பாட வேண்டிய அளவுக்கு வண்டி கெட்டிருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

பாடி முடித்து வீடு திரும்பும்போது, நான் என்ன பாடினேன் என்பதை யோசித்துப் பார்த்தேன். நான் பாடுகிற இறைவன் நஞ்சைக் கழுத்தில் வைத்திருக்கிறான். பாம்பை அணிந்திருக்கிறான். சுடலைச் சாம்பலைப் பூசிக்கொண்டு, யாரும் தொடாத ஊமத்தையைத் தலையில் சூடியிருக்கிறான். தீயது என்று உலகம் தள்ளிய பொருள் எல்லாம் அவன் மேனியில் இருக்கிறது. பொருளுக்குள்ளேயே தீமை குடியிருக்குமானால் நாற்பது ஆண்டுகளாக நான் யாரைப் பாடினேன்? ஒரு ஜீப்பு அந்த நஞ்சைவிடக் கொடியதா? இவ்வளவும் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் காலை வெள்ளையில் இருபத்திரண்டு பேர் என்று எழுதினேன்.

கவனித்துப் பாருங்கள். மூன்று வண்டிகளிலும் ஆட்கள் ஏறியபோது வண்டிக்குப் பதினைந்து பேர். ஒரு வண்டி கெட்டது என்று ஒதுக்கிய பிறகு இரண்டு நல்ல வண்டிகளுக்கும் இருபதுக்கு மேல். இந்தக் கணக்கு என் கையெழுத்தில்தான் இருந்தது.

4. வெள்ளை ஜீப்பு

வெள்ளை ஜீப்பின் டிரைவர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்புப் போட்டார். சும்மா நின்றிருந்த தவசியை அந்த வண்டிக்கு அனுப்பினோம். மூன்றாவது நாள் அதே ஒன்பதாவது வளைவில், எதிரே பஸ்சு வந்ததால் நிறுத்தி எடுத்தபோது, வெள்ளை ஜீப்பு பின்னால் உருண்டது. பின்படியில் தொற்றி நின்ற பேச்சியம்மாள் தூக்கி எறியப்பட்டார். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

முதலாளி அலுவலகத்துக்கு வந்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பதாக முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு காரணத்தை ஆராய்ந்தார். முதலில், பச்சைக்குப் பக்கத்தில் நிறுத்தியதால் வெள்ளைக்கும் தொற்றிக்கொண்டது என்றார். நீலமும் பக்கத்தில்தானே நின்றது என்று நினைவு வந்ததும் அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

"வண்டிய மாத்தியும் விழுதுன்னா வண்டி இல்ல ரைட்டரே, ஆளுதான். தவசிக்கு ராசி இல்ல. கணக்க முடிச்சு அனுப்பிருவோம். கடுதாசிய எழுதுங்க" என்றார்.

வண்டியில் இருந்த தீமை இப்படி ஆளுக்கு மாறியது. போடியில் ராசியில்லாத டிரைவர் என்று பெயரெடுத்தவர் கையில் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள். தவசிக்கு வேறு தொழில் தெரியாது. பதினாறு ஆண்டுகளாக அந்த மலையில் மட்டுமே ஓட்டியவர். நான் தாளை எடுத்து வைத்தேன். தேதியும் போட்டேன். பேச்சியம்மாளைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

5. ஆஸ்பத்திரியில்

பேச்சியம்மாள் கட்டுப்போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துப் படுத்திருந்தார். நான் பழங்களை வைத்தேன். வலி எப்படியிருக்கிறது என்று விசாரித்தேன். அவர் தவசியைப் பற்றி ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. பஸ்சுக்காரன் இடம் விடவில்லை, தவசி கடைசிவரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார் என்றார். அவரை வேலையை விட்டு அனுப்பப்போகிறோம் என்றதும் என்னையே பார்த்தார்.

"அவனுக்கா ராசியில்ல? எங்களை எல்லாம் ஒத்த வண்டில திணிச்சது யாருய்யா? பச்சை வண்டி சும்மாத்தானே நின்னுச்சு. நீங்க சொன்ன வாக்குன்னுதானே நாங்க அதுல ஏறல."

அப்போதுதான் நான் எழுதிய வாக்கியத்தை முழுதாக அவரிடம் சொன்னேன். பத்துப் பேர் வண்டி, பதினெட்டுப் பேரை ஏற்றினால் என்பதையும் சேர்த்து.

அவர் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. கட்டுப்போட்ட கையை மெல்ல நகர்த்தி என் பக்கம் திரும்பினார். பிறகு, "கோயில்ல பாட்டுல ஒரு வார்த்தை போனா எந்திரிச்சு நின்னு கத்துவீங்களாமே. இதுக்கு மட்டும் ஏன்யா வாயத் தொறக்கல?" என்றார்.

என் சேவையில் எத்தனையோ அதிகாரிகளின் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு, கொண்டுவந்த பழங்களை எடுத்து மறுபடி அடுக்கினேன். அவர்தான், போய் வேலையைப் பாருங்கள், வெரசாகப் போனால் தவசியின் வேலையைக் காப்பாற்றலாம் என்று அனுப்பினார்.

6. முழு வாக்கியம்

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தவசியின் கடிதத்தை எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். நாளைக் காலை பேசலாம் என்றார். மறுநாள் ஆறு மணிக்கு அவரே சந்துக்கு வந்திருந்தார். பெண்கள் இருந்தார்கள். வெள்ளை ஜீப்பின் டிரைவரும் விடுப்பு முடிந்து வந்திருந்ததால் மூன்று டிரைவர்களும் இருந்தார்கள். நான் கோப்பிலிருந்து என் குறிப்பை எடுத்துப்போயிருந்தேன். அதை எல்லாருக்கும் கேட்கும்படி ஒருமுறை படித்தேன். பதிகம் பாடுகிற குரலில் படிக்கவில்லை, செக்ரோலில் பெயர் கூப்பிடுகிற குரலில் படித்தேன். முன்பாதி விடுபட்டது எனக்கு அன்றே தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். விசாரணை வந்தால் இந்தத் தாளைத்தான் கொடுப்பேன் என்றேன்.

பிறகு தவசி பச்சை ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்தார். ஒன்பது பெண்கள் ஏறினார்கள். பத்தாவதாக ஏற வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி நின்றார். வெள்ளையிலும் நீலத்திலும் அப்படியே ஆயிற்று. பேச்சியம்மாள் இல்லாத அன்று, பதினேழு பெண்கள் தரையில் நின்றார்கள்.

முதலாளி அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காய் செடியில் பழுத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் வாடகைக்கு இரண்டு ஜீப்புகள் வந்தன. "ஒங்க பதிகத்த எல்லாம் கோயிலோட வச்சுக்கிருங்க, ரைட்டரே" என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் படித்தது பதிகம் அல்ல என்று திருத்தவில்லை.

அடுத்த வாரம் என்னைச் சந்திலிருந்து எடுத்து, தரம் பிரிக்கும் குடோனுக்கு மாற்றினார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். தவசியின் கடிதம் எழுதப்படவில்லை. அவர் இன்றும் ஓட்டுகிறார்.

ரைட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. ஆளைக் கெடுக்கும் வண்டியோ கத்தியோ நாற்காலியோ என் சேவையில் நான் பார்த்ததில்லை. ஒரு பொருளின்மேல் பழி போட்டுவிட்டால் அதை ஏவியவரை யாரும் கேட்பதில்லை, பழியின் பயன் அவ்வளவுதான். நீங்கள் சொன்னதை யாராவது பாதியாகச் சொல்லக் கேட்டால் அன்றைக்கே மீதியைச் சொல்லிவிடுங்கள். மறுநாள் விடிந்தால் அந்தப் பாதியும் நீங்கள் சொன்னதாகிவிடும்.

கை கூடிய பிறகு பேச்சியம்மாள் வேலைக்குத் திரும்பிய அன்று, குடோனுக்குப் போகும் வழியில் சந்தில் அவரைப் பார்த்தேன். பச்சை ஜீப்பின் பின்னால் நின்று, உள்ளே இருந்தவர்களை விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நம்பி இப்போது தைரியமாக ஏறலாம் என்றேன்.

"ஏறத்தேன் போறேன். ஒங்க பேச்ச நம்பி இல்லய்யா" என்றார். எட்டு வரை எண்ணி முடித்துவிட்டு, ஒன்பதாவது ஆளாக ஏறி உட்கார்ந்தார்.