ஒரு மில்லிமீட்டர் சேராத சக்கரம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதுமனை விருந்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி அண்ணனிடம் ஒரு வார்த்தை விட்டேன். அவர் மகளுக்கு அவிநாசியில் நடக்கவிருந்த காதுகுத்துக்கு அப்பாவின் காரை நானே ஓட்டி வந்து இறங்குவேன், இல்லாவிட்டால் அன்றைக்கே சாவியை அவர் கையில் கொடுத்துவிடுவேன் என்றேன். காதுகுத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. கார் அப்போது ஓடும் நிலையிலேயே இல்லை.

அது ஐம்பதுகளில் சீமையிலிருந்து கப்பலில் வந்த சின்னக் கார். அப்பா தோட்டத்தை அண்ணனுக்கும் காரை எனக்கும் எழுதிவைத்தார். தோட்டம் கிடைத்த மனுஷனுக்குக் கார் கிடைக்காததுதான் உறுத்தியது. கல்யாண ஊர்வலத்துக்குக் கார் விடும் ஒருவரிடம் அதை விற்பதாக அவர் பேசியே வைத்திருந்தார். "பொம்பளப் புள்ள கையில கெடந்து துருப்புடிக்குது அம்மணி. எங்கிட்டக் குடுத்தீன்னா அதுக்கு ஒரு வழி பண்ணிப்போடுவேன்" என்று அவர் பந்தியில் சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

கார் நின்றுபோனதற்குக் காரணம் பிரேக். முந்தைய மழைக்காலத்தில் மருதமலை இறக்கத்தில், நனைந்த டிரம் பிரேக் ஒரு பக்கமாக இழுத்துக் காரைக் கைப்பிடிச் சுவரோடு கொண்டுபோய் ஒட்டியது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் இறங்கி அடிவாரம் வரை நடந்தே வந்தார். பிரேக்கை மாற்றும்வரை தானும் ஏறமாட்டேன், பிள்ளைகளையும் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

விருந்து முடிந்த மறுநாளே கணபதியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சக்கரத்தை மாட்டும் பழைய ஹப்பை அப்படியே வைத்துக்கொண்டு, முன்பக்கம் இரண்டிலும் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் மாட்ட முடியும் என்றார். பக்கத்து லேத்தில் இதற்கென்று கடைந்த தகடுகள், மோதி நொறுங்கிய ஏதோ ஒரு புதுக் காரிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் என்று இரண்டு மாதத்தில் வேலையை முடித்தார். பெடலை மிதித்தால் கல் மாதிரி நின்றது. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

பழைய சக்கரத்தை மாட்டிச் சுற்றினார். கர்ரென்று ஒரு சத்தம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சக்கரத்தின் உள்வட்டத்தில் இடித்தது. டிரம்முக்குப் போதுமாக இருந்த இடம் டிஸ்க்குக்குப் போதவில்லை.

"காலிப்பரைத் தேச்சா நிக்காதுங்கக்கா, ஒடஞ்சு போயிரும். வேற வண்டி வீல் பாக்கலாம். நாலு போல்ட்டு இதே தூரத்துல இருக்கோணும், உள்ளுக்குள்ள எடமும் இருக்கோணும்" என்றார் மெக்கானிக். "பழைய வீல் ஒண்ணத் தூக்கிட்டுப் போங்க. மேல வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒரு பம்ப் கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் டிராயிங் போடுகிறவள். இரும்பை வார்க்க முதலில் மரத்தில் மாதிரி செய்வோம். அதற்கான அளவெல்லாம் என் மேசையில்தான் பிறக்கும். அளவுதான் என் பிழைப்பு, என் திமிரும் அதுதான். வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். கைப்பையிலிருந்த எஃகு ஸ்கேலை எடுத்து, ஹப்பின் எதிரெதிர் போல்ட்டுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்து, நூற்றுப் பதிமூன்று மில்லிமீட்டர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். அளவு கையில் இருக்கும்போது சக்கரத்தை எதற்குச் சுமப்பது என்று அவரிடம் கேட்டேன். அவர் பழைய சக்கரத்தைச் சுவரோரமாகச் சாய்த்துவைத்தார்.

அடுத்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சமையல் இல்லை. டேப்பும் சீட்டுமாகக் காயலான் கடைகளில் அலைந்தேன். உக்கடத்தில் கிடைத்ததெல்லாம் நூறு, நூற்றைந்து. சூலூர் பக்கம் ஒரு கடையில், ஏலத்தில் எடுத்த பழைய வேன் ஒன்றின் நான்கு சக்கரங்கள் அடுக்கியிருந்தன. உள்ளே தாராளமாக இடம். நாலே போல்ட். ஆசையோடு டேப்பை வைத்தேன். நூற்றுப் பதினான்கு காட்டியது.

"சேராதுங்க" என்றேன்.

கடைக்காரர் பெரிய மீசை வைத்தவர், பொறுமை குறைவு. "ஏனுங்கம்மணி, போட்டுப் பாக்காமயே சேராதுன்னா எப்படிங்க?"

"ஒரு மில்லி வித்தியாசமுங்க. ஒரு மில்லின்னா ஒரு மில்லிதான். ஓட்டத்துல போல்ட்டு அத்துப்போனா நீங்களா வந்து நிப்பீங்க?"

அங்கே வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் ரோட்டில் இன்னொரு கடையிலும் அதே வேன் சக்கரம், அதே நூற்றுப் பதினான்கு. அங்கேயும் ஒரு பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

காதுகுத்துக்குப் பத்து நாள் இருந்தபோது அண்ணன் போன் செய்தார். "ஏம்மணி, கார் எந்த மட்டுல இருக்குது?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். அப்பா எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான். அதை என் வாயாலேயே பந்தயம் வைத்துத் தொலைத்துவிட்டேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கடைசி முயற்சியாகச் சூலூர் போனேன். மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் டேப்பைத் தொடவிடவில்லை. அடுக்கிலிருந்து ஒரு சக்கரத்தை இறக்கி உருட்டிக்கொண்டுபோய், நான் வந்த ஆட்டோவில் அவரே ஏற்றினார்.

"அளக்கவே வேண்டாமுங்க. கொண்டுபோய் மாட்டிப் பாருங்க. சேரலீன்னா நாளைக்குத் திருப்பிக் கொண்டாந்துருங்க. ஊட்டுக்கு வந்த மகாலச்சுமிய வெறுங்கையோட அனுப்ப மாட்டனுங்க" என்றார். கேலியா மரியாதையா தெரியவில்லை.

கணபதியில் மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கி ஹப்பில் வைத்தார். நான்கு போல்ட்டும் நான்கு ஓட்டைக்குள் வெண்ணெயில் போவதுபோல் போயின. கையால் சுழற்றினார். சத்தமே இல்லை. காலிப்பருக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவருடைய சுண்டுவிரல் உள்ளே போய் வந்தது.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் "சேரக் கூடாதே!" என்று கத்தினேன்.

"சேந்துபோச்சுங்களேக்கா!"

"எப்படிச் சேரும்? ஹப்பு நூத்திப் பதிமூணு!"

அவர் டேப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். அளந்தேன். ஹப் நூற்றுப் பதினான்கு. திரும்ப அளந்தேன். நூற்றுப் பதினான்குதான். சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்தில், அழகாக அடிக்கோடிட்டு, நூற்றுப் பதிமூன்று. அப்போதுதான் உறைத்தது. அன்று பையில் இருந்தது பேட்டர்ன் ஸ்கேல்.

உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரமாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, எங்கள் ஸ்கேலிலேயே கோடுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள். அதில் நூறு என்று போட்டிருந்தால் உண்மையில் நூற்றொன்று. பன்னிரண்டு வருஷமாக அதைப் பிடித்துப் பிடித்து, உலகத்தில் வேறு ஸ்கேல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஹப்பை அந்த ஸ்கேலில் அளந்துவிட்டு, சக்கரத்தைச் சாதாரண டேப்பில் அளந்திருக்கிறேன். சரியான சக்கரத்தை இரண்டு கடைகளில் கையில் தொட்டுப் பார்த்து, கடைக்காரர்களுக்குப் பாடமும் நடத்திவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். நான்தான் முதலில் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம். அன்று மாலையே சூலூர் போய் மீதி மூன்றையும் எடுத்தேன். ஸ்டெப்னிக்குத் திருப்பூர் ரோட்டுக் கடையில் ஒன்று. இரண்டு கடைக்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். மீசைக்காரர், "அதுக்கென்னுங்க, ஒரு மில்லிதானுங்களே" என்றார்.

காதுகுத்தன்று காலையில் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். அவிநாசி ரோட்டில் கருமத்தம்பட்டி தாண்டியதும், முன்னால் போன டவுன் பஸ் கையைக்கூடக் காட்டாமல் நடுரோட்டில் நின்றது. மிதித்தேன். கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாமல், பஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் நேராக நின்றது. வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, "போலாமுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் 'ங்க' போட்டது அன்று ஒருநாள்தான்.

கோயில் வாசலில் சொந்தமெல்லாம் கூடி நின்றது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் போய் நிறுத்தினேன், அடக்கமெல்லாம் எனக்கு வராது. அண்ணன் பட்டு வேட்டியோடு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். பிறகு ஓட்டுகிறவர் பக்கம் வந்து நின்று கையை நீட்டினார்.

"ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுமா?"

"எடது பக்கம் ஏறுங்ணா. நான் ஓட்டறேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் இறங்கி இடம் விட்டார். அண்ணன் சுற்றி வந்து ஏறிக் கதவைச் சாத்தினார். ரத வீதியின் முதல் திருப்பத்தில் வேண்டுமென்றே முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் புடிக்குது" என்றார். அடுத்த திருப்பத்தில் ரோட்டைப் பார்த்தபடியே, "எங்கிட்டக் குடுத்திருந்தா அன்னிக்கே வித்துப்போட்டிருப்பேன் அம்மணி. அப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்குது" என்றார்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கியரை மாற்றினேன். காது குத்த ஆசாரி காத்திருக்கிறார் என்று ஆள் ஓடிவந்து வழிமறிக்கும்வரை இரண்டு பேரும் ரத வீதியை மூன்று முறை சுற்றி வந்தோம்.