தறி வீட்டில் ஒரு அமைதியான காட்சி

இன்று மாலை ஆறு மணிக்குள் குறும்படத்தைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். மதியம், எடிட்டிங் செய்துகொண்டிருந்த நண்பன் சதீஷ் போளூரிலிருந்து கூப்பிட்டான்.

"இன்னாடா இது, ஹீரோ பேசறான், பின்னாடி ரயிலு போய்கினே இருக்குது?"

ஆரணிக்குள் ஏது ரயில்? ஒலிப்பதிவு செய்த குமரனும் நானும் ஹெட்போனை மாட்டி மறுபடி கேட்டோம். சுத்தமாகத்தான் இருந்தது.

"நல்லா கேளுங்கடா. டடக் டடக்னு."

அப்போதுதான் உறைத்தது. படம் எடுத்தது குமரன் வீட்டில். பக்கத்து அறையில் விசைத்தறி. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எங்கள் இருவர் காதிலும் விழவே இல்லை.

அந்தக் காட்சியின் வசனம்: "நீ போனதுல இருந்து வீட்ல ஒரு சத்தமும் இல்ல."

தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. ஹீரோவை ஏரிக்கரைக்கு இழுத்துப் போய், காருக்குள் உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எல்லா வசனத்தையும் திரும்பப் பேச வைத்தோம். ஏசி போட்டால் அதுவும் பதியும். வெந்து போனோம். பழைய ஒலியை எடுத்துவிட்டு சதீஷ் இதைச் சேர்த்தான். ஆறு மணிக்குச் சற்று முன்னால் படம் போய்ச் சேர்ந்தது.

நிற்கத் தெம்பில்லாமல் குமரன் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவன் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து, படத்தைப் போனில் முழுதாகப் பார்த்தார்.

"நம்ம வூடுதானே இது? எப்படா கரண்டு போச்சு?"

லிங்க் முதல் கமெண்டில். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், கரண்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.