மாமரத்தடியில் நின்ற வேன்

என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும். அதற்கென்று டாக்டர் கொடுத்த மெஷின் ஒன்று உண்டு. மூக்கில் மாஸ்க் வைத்துக்கொண்டால் ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அது வந்த நாளிலிருந்து அவர் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. கல்யாணமோ கோயிலோ, "நீ போயிட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்பார். ரிட்டயர் ஆனதும் ஊர் ஊராகச் சுற்றலாமென்று ஆசை ஆசையாக வாங்கிய, உள்ளேயே படுத்துத் தூங்கும்படியான கேம்பர் வேன், வீட்டு முற்றத்து மாமரத்தடியில் சும்மா கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை அதிலிருந்த பழைய பாட்டரியை நம்பி முற்றத்திலேயே வேனுக்குள் படுத்துப் பார்த்தார். விடிவதற்குள் மெஷின் நின்றுபோய், திணறி எழுந்தார். அதோடு நம்பிக்கை போயிற்று.

நான் விடவில்லை. பழவங்காடிப் பக்கம் ஒரு கடையில் பேசி, பெரிய லித்தியம் பாட்டரியும் கூரைமேல் சோலார் பேனலும் போடவைத்தேன். "ராத்திரி முழுக்க ஓடும், சேச்சி. வெயில் கிட்டினா மதி," என்றார் கடைக்காரர் பாதி மலையாளத்தில்; வெயில் கிடைத்தால் போதுமாம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அடுத்த வாரம் பொன்முடி மலைக்குக் கிளம்பினோம்.

தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் தங்க ஏற்பாடு. அங்கே கரன்ட் கிடையாது. மத்தியானம் மீட்டரைப் பார்த்தால் பாட்டரியில் கால்வாசிகூட இல்லை!

"வீட்டுல வண்டியை வெயில்ல நிறுத்தவேயில்லையா?"

"எப்பவும் போல மாமரத்தடியில. பேனல் மேல பெட்ஷீட்டும் போட்டு மூடியிருந்தேன். புதுசு, காக்கா எச்சம் விழுந்தா கெட்டுடுமாக்கும்."

உள்ளே பிரிட்ஜ் வேறு ஒரு வாரமாகத் தன் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. இவ்வளவும் சொன்ன மனுஷன் இங்கேயும் வண்டியை மரத்தடியில்தான் நிறுத்தியிருந்தார். நம் ஊரில் வண்டியை வெயிலில் நிறுத்துகிறவர் யார்? தினமும் பார்த்த எனக்கும்தான் உறைக்கவில்லை. இருந்தாலும் நன்றாகத் திட்டித் தீர்த்தேன்.

"செரி, இருட்டறதுக்கு முன்னாடி கீழே இறங்கிடலாம்," என்றார். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. என் கோபம் இறங்கிவிட்டது.

"சாயந்தரம் வரைக்கும் பாப்போம். ஏறலேன்னா நானே கிளம்பலாம்னு சொல்றேன்."

வேனை வெட்டவெளிக்கு எடுத்தோம். மூடுபனி வந்தது, போனது. நிழல் நீண்டபோதெல்லாம் அவர் வெயில் பார்த்து வண்டியை மாற்றி மாற்றி நிறுத்தினார். மண்டை சிவக்க வெளியிலேயே நின்றார். சாயந்தரம் மீட்டர் முக்கால்வாசி காட்டியது. இருவருமே கிளம்பும் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் நான் கண்விழித்தபோது ஜன்னலில் வெயில். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வராமல் காபி போட்டு வைத்தேன். வெகுநேரம் கழித்து எழுந்து மாஸ்கைக் கழற்றியவர், வெளியே கொஞ்சம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னிக்கும் இங்கேயே இருந்துட்டு, நாளைக்குப் போலாமா?"

வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்படியும் அழுகை வந்துவிட்டது.